பேய் வதந்தியால் 42 ஆண்டுகள் ரயில் நிற்காத ஊர்: பெகுன்கோடர் ரயில் நிலையத்தின் கதை

புருலியா: மேற்கு வங்க மாநிலம் புருலியா மாவட்டத்தில், ஜார்க்கண்ட் மாநில எல்லைக்கு அருகே அமைந்துள்ளது பெகுன்கோடர் ரயில் நிலையம். கோட்சிலா, ஜால்டா ஆகிய நிலையங்களுக்கு இடையே உள்ள இந்தச் சிறிய நிலையம், 'பேய் ரயில் நிலையம்' என்றே நாடு முழுவதும் அறியப்படுகிறது. ஆனால், 1967 முதல் 2009 வரை 42 ஆண்டுகள் இங்கு ரயில்கள் நிற்கவில்லை என்பதும், அதன் சுமையை அப்பகுதி கிராம மக்களே தாங்கினர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

நிலையம் உருவான வரலாறு:

பெகுன்கோடர் ரயில் நிலையம் 1960-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சந்தால் சமூகத்தினரின் ராணி லச்சன் குமாரியும் ரயில்வே துறையும் மேற்கொண்ட முயற்சியால் இந்நிலையம் அமைந்ததாகக் கூறப்படுகிறது. காடும் மலையும் சூழ்ந்த அப்பகுதியில், வெளியூர் செல்ல ரயிலே மக்களுக்கு முக்கியத் துணையாக இருந்தது. அருகிலுள்ள கோட்சிலா சந்திப்பிலிருந்து புருலியா, முரி, பொகாரோ ஆகிய மூன்று திசைகளுக்கும் ரயில் பாதைகள் பிரிகின்றன.

வதந்தி பரவியது எப்படி?

நிலையம் திறந்து ஏழு ஆண்டுகளே ஆன நிலையில், 1967-ல் அங்குப் பணியாற்றிய ரயில்வே ஊழியர் ஒருவர், வெள்ளைப் புடவை அணிந்த பெண்ணின் ஆவி தண்டவாளத்தின் அருகே நடமாடுவதைக் கண்டதாகக் கூறினார். ரயிலில் அடிபட்டு உயிரிழந்த பெண்ணின் ஆவி அது என்ற பேச்சும் எழுந்தது. இதையடுத்து நிலைய அதிகாரி உயிரிழக்க, அதற்கும் ஆவியே காரணம் என வதந்தி பரவியது. பணியில் இருந்தோர் வெளியேறினர். புதிதாக அங்குப் பணியமர்த்தப்பட்டோரும் செல்ல மறுத்தனர். ஊழியர்கள் இல்லாத நிலையில், ரயில்கள் பெகுன்கோடரில் நிற்காமல் கடந்து சென்றன. நிலையம் கைவிடப்பட்டது.

மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு:

ஊரின் வழியாகவே ரயில் சென்றபோதும், அதில் ஏறுவதற்குக் கோட்சிலா அல்லது ஜால்டா வரை மக்கள் சாலை வழியே செல்ல வேண்டியிருந்தது. கூலி வேலைக்குச் செல்வோர், மாணவர்கள், நோயாளிகள், சந்தைக்குப் பொருள் கொண்டு செல்வோர் என அனைவருக்கும் இது கூடுதல் நேரமும் செலவும் ஆனது. ஒரு தலைமுறையே தன் ஊரில் ரயில் நிற்பதைக் காணாமல் வளர்ந்தது.

இந்தக் கதையின் பின்னணியை வேறு கோணத்தில் விளக்கியவர், நாடாளுமன்ற ரயில்வே நிலைக்குழுவின் தலைவராக இருந்த பாசுதேவ் ஆச்சார்யா. புருலியா மாவட்டத்தைச் சேர்ந்த அவர், தொலைதூரத்தில் உள்ள இந்நிலையத்தில் பணியாற்ற விரும்பாத ஊழியர்களே பேய்க் கதையை உருவாக்கினர் என்று கருத்து தெரிவித்திருந்தார்.

மீண்டும் திறப்பு:

கிராம மக்கள் தொடர்ந்து விடுத்த கோரிக்கையை ஏற்று, மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2009 ஆகஸ்ட் மாதம் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. தென்கிழக்கு ரயில்வேயின் ராஞ்சி கோட்டத்தின் கீழ் வரும் இது, தற்போது 'ஹால்ட்' எனப்படும் சிறு நிறுத்தமாகச் செயல்படுகிறது.

ஹால்ட் நிலையங்களில் பெரிய நிலையங்களைப் போல நிலைய அதிகாரியோ சிக்னல் ஊழியர்களோ இருப்பதில்லை. கால அட்டவணைப்படி குறிப்பிட்ட பயணிகள் ரயில்கள் மட்டும் ஓரிரு நிமிடங்கள் நின்று செல்லும். பயணச்சீட்டு விற்பனையை, கமிஷன் அடிப்படையில் நியமிக்கப்படும் தனியார் முகவர் கவனிப்பார். பெகுன்கோடரிலும் ரயில்வே ஊழியர்கள் இல்லை. தனியார் முகவரே பயணச்சீட்டு வழங்கி வருகிறார். எனினும், மாலை இருள் சூழ்ந்த பின் நிலையத்தில் நிற்கப் பயணிகள் தயங்குவதாகத் தொடர்ந்து செய்திகள் வெளியாகின.

விடிய விடிய நடந்த ஆய்வு:

இந்த அச்சத்தைப் போக்க, 2017 டிசம்பர் மாத இறுதியில் பகுத்தறிவாளர் குழுவினர் காவல்துறை பாதுகாப்புடன் ஓர் இரவு முழுவதும் நிலையத்தில் தங்கினர். ஆவி எதையும் அவர்கள் காணவில்லை. நள்ளிரவுக்குப் பின் விநோத ஒலிகள் கேட்ட திசையில் விளக்கைப் பாய்ச்சியபோது, மறைந்திருந்து ஒலி எழுப்பிய சிலர் தப்பி ஓடியதாக அவர்கள் தெரிவித்தனர். பேயைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளிடம் பணம் பெறும் நோக்கில் சிலர் வதந்திக்கு உயிரூட்டுவதாகவும் அக்குழு கூறியது.

சிறு நிலையங்களின் நிலை:

சிறு நிலையங்கள் மூடப்படுவதற்குக் குறைந்த வருவாயும் ஒரு காரணமாகிறது. ராஜஸ்தான் மாநிலம் சீகர் மாவட்டத்தில் உள்ள ரஷீத்புரா கோரி நிலையம், போதிய வருவாய் இல்லாததால் 2005-ல் மூடப்பட்டது. கிராம மக்கள் ஒன்றிணைந்து, பயணச்சீட்டு விற்பனையைத் தாங்களே உறுதி செய்ததால், 2009-ல் அங்கு மீண்டும் ரயில் நின்றது.

பெகுன்கோடருக்கும் இது பொருந்தும். மாலையில் பயணிகள் வராவிட்டால் பயணச்சீட்டு விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் கூடுதல் ரயில்களை நிறுத்தக் கோருவதும் கடினமாகும். நடைமேடையில் போதிய விளக்குகள், நிழற்குடை, குடிநீர், இரவுப் பாதுகாப்பு ஆகியவை இருந்தாலே அச்சம் பெருமளவு விலகும். ஒரு வதந்தியால் 42 ஆண்டுகள் ரயிலை இழந்த ஊருக்கு, அந்த வசதிகள்தான் இன்றைய உண்மையான தேவை.