நூல் கட்டி ஆட்டினது போதும்... ஊசல் எத்தனை டிகிரி சாயுதுன்னு கம்ப்யூட்டரே காட்டும்!

பிளஸ்-1 இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் சோதனை உண்டு. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 பக்கம் வரணும். இது பசங்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால் விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து நேரத்தை எழுதி நோட்டை முடிப்பவர்களும் உண்டு. மார்க் வந்துடும். ஊசல் என்ன செஞ்சதுன்னு மட்டும் தெரியாது.

இந்த டிமிக்கிக்கு இடம் கொடுக்காதது கோண சென்சார் வைத்த ஊசல். எந்த நேரத்தில் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று விநாடிக்கு 100 முறை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையில் அலை அலையாக கோடு ஓடும். ஒரு மேட்டில் இருந்து அடுத்த மேடு வரை உள்ள நேரம்தான் அலைவு நேரம். 1 மீட்டர் ஊசல் ஒரு முறை போய் வர சுமார் 2 விநாடி ஆகும். ஸ்டாப் வாட்ச் பட்டனில் 0.2 விநாடி பிசகினால், ஒரே அலைவை வைத்துப் போடும் கணக்கு 20 சதவீதம் தப்பிவிடும். 20 அலைவு எண்ணச் சொல்வதே அதனால்தான்.

எப்படி அமைப்பது?

ரேடியோவில் சத்தம் கூட்ட, குறைக்க திருகுகிறோமே, அந்த வால்யூம் கண்ட்ரோல்தான் மலிவான கோண சென்சார். 'பி10கே' என்று குறி போட்டதைக் கேட்டு வாங்கணும். 'ஏ' குறி போட்டது சத்தத்துக்கு சரி, கோணத்துக்கு சரிப்படாது. ஓரத்து இரண்டு காலை ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்காலை ஏ0 முனைக்கும் கொடுத்தால் போதும். 0 முதல் 1023 வரை எண் வரும். பாகைமானி வைத்து எந்த எண்ணுக்கு எத்தனை டிகிரி என்று ஒரு தடவை குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு தொல்லை. இதன் தண்டு இறுக்கமாகத் திரும்பும். ஊசல் சில ஆட்டத்திலேயே நின்றுவிடும்.

அதனால் காந்த சென்சார்தான் நல்லது. ஏஎஸ்5600 என்ற சிப் ஒரு முழுச் சுற்றை 4096 பங்காகப் பிரித்துச் சொல்லும். பால் பேரிங்கில் சுழலும் தண்டின் நுனியில் சின்ன வட்டக் காந்தத்தை ஒட்டி, ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி நேர் எதிரே சிப்பை நிறுத்த வேண்டும். உரசலே கிடையாது. காந்தத்தின் வட, தென் முனைகள் பக்கவாட்டில் இருக்கணும். மேலும் கீழுமாக முனை உள்ள சாதாரண காந்தத்தை ஒட்டினால் வேலைக்கு ஆகாது. நகல் போர்டு வாங்கினால் மொத்தமும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். சென்னை ரிச்சி தெரு மாதிரி கடைவீதிகளில் கிடைக்கும்.

டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் கருவியில் இன்னொரு வழி. சின்ன டி.சி. மோட்டார் தண்டில் கம்பியை மாட்டி ஆட்டுவார்கள். அதில் வரும் மின்னழுத்தம் கோணத்தை அல்ல, வேகத்தைக் காட்டும்.

14.7 வந்தால்?

தண்டைத் திருப்ப வேண்டும் என்பதால் நூல் உதவாது, கம்பிதான் வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் 1 மீட்டர் கம்பியை நுனியில் மாட்டி ஆட்டினால் அலைவு நேரம் 1.64 விநாடிதான். நீளம் 1 மீட்டர் என்று பழைய சூத்திரத்தில் போட்டால் 9.8க்கு பதில் 14.7 வந்து நிற்கும். சென்சார் மேல் குற்றமில்லை. வெறும் கம்பிக்கு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கணக்கில் எடுக்கணும். லேசான கம்பியின் அடியில் கனமான குண்டு மாட்டினால், பழைய சூத்திரமே ஏறக்குறைய ஒத்துவரும். ஸ்டாண்டை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அது ஆடினால் கணக்கும் ஆடும்.

'சிறிய கோணத்தில் ஆட்டவும்' என்று செய்முறையில் ஏன் சொல்கிறார்கள் என்பதையும் இதில் கண்ணால் பார்க்கலாம். 10 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் 0.2 சதவீதம்தான் கூடும். 30 டிகிரியில் 1.7 சதவீதம். 60 டிகிரிக்குத் தூக்கி விட்டால் 7 சதவீதத்துக்கு மேல் எகிறும்.