கிரிக்கெட் போர்டும் பொதுஜனங்களும்

நமது தேசத்தில் கிரிக்கெட்டைப் போல் ஜனங்களின் மனத்தைக் கவர்ந்த விளையாட்டு வேறில்லை. அதை நிர்வகிக்கும் கண்ட்ரோல் போர்டு 1928-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டது. சென்னையில் ரிஜிஸ்தர் செய்யப்பட்ட சங்கம் அது. சர்க்கார் இலாகாவும் அன்று, பங்குதாரர்களுள்ள கம்பெனியும் அன்று. ஆயினும் அது தெரிந்தெடுக்கும் பதினொருவர் தேசத்தின் பெயரால் ஆடுகிறார்கள். இத்தகைய ஸ்தாபனம் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்பதே நம் கேள்வி.

1983-ல் நமது கோஷ்டி உலகக் கோப்பையை வென்று திரும்பியபோது, ஆட்டக்காரர்களுக்குத் தக்க சன்மானம் அளிக்கப் போர்டிடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி செய்து அதற்கு நிதி திரட்டித் தந்தார். பத்து வருஷங்களுக்குப் பின்னும், ஆட்டங்களை ஒளிபரப்புவதற்குத் தூர்தர்ஷன் போர்டிடமே பணம் கேட்டது. அத்தகராறு கோர்ட்டுக்குச் சென்றது. ஆட்டத்தை நடத்துவோர் தாம் விரும்பியவர் மூலம் ஒளிபரப்பலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகாய அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. முதற் பாகத்தைப் போர்டு நன்கு பயன்படுத்திக்கொண்டது. இரண்டாம் பாகத்தை நினைவூட்டுவார் இல்லை.

2008-ல் பிரீமியர் லீக் பந்தயம் பிறந்தது. 2022-ல் அதன் ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. 410 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால், ஆட்டமொன்றுக்குச் சுமார் 118 கோடி! போர்டு செய்துள்ள நன்மைகளை நாம் மறைக்க விரும்பவில்லை. ஸ்திரீகளுக்கும் புருஷர்களுக்கும் சர்வதேச ஆட்டங்களில் சமமான கட்டணம் என்று 2022-ல் அது அறிவித்ததை மனமாரப் பாராட்டுகிறோம்.

பத்திரிகைகளிடம் அது நடந்துகொண்ட விதத்தையோ நம்மால் பாராட்ட இயலாது. 2012-ல் இங்கிலாந்து கோஷ்டி இங்கு வந்தபோது, சில புகைப்பட ஏஜென்சிகளுக்கு மைதானத்தில் அனுமதி மறுத்து, தானே படங்கள் தருவதாகப் போர்டு சொல்லிற்று. ராய்ட்டர் முதலிய செய்தி ஸ்தாபனங்கள் அதைக் கண்டித்து ஒதுங்கி நின்றன. ஆட்டத்தை நடத்துபவரே அதைப் பற்றிய படத்தையும் வர்ணனையையும் வழங்குவதானால், குறைகளை எடுத்துரைப்பவர் யார்?

போர்டு செய்வது பொதுக் காரியமே என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்று 2018-ல் மத்தியத் தகவல் கமிஷன் தீர்மானித்தது. போர்டு அதை எதிர்த்து ஹைகோர்ட்டை நாடிற்று. 2025-ல் பார்லிமெண்ட் இயற்றிய விளையாட்டு நிர்வாகச் சட்டமோ, சர்க்காரிடம் மானியம் பெறும் ஸ்தாபனங்களை மட்டுமே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. மானியம் வேண்டாத போர்டு இவ்விதம் தப்பித்துக்கொண்டது.

மானியம் பெறவில்லையென்ற சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். ஒளிபரப்புக் கம்பெனிகள் கொட்டும் கோடிகள் எங்கிருந்து வருகின்றன? மாதச் சந்தா செலுத்துபவனும், விளம்பரத்தைக் கண்டு சோப்பும் தேயிலையும் வாங்குபவனும் கொடுக்கும் காசே அது. தேசத்தின் பெயரையும் ஜனங்களின் காசையும் கொண்டு வளர்ந்த ஸ்தாபனத்தை, ஜனங்கள் கேள்வி கேட்கலாகாதென்பது எந்த நியாயம்? யோக்கியமாக நடக்கும் நிர்வாகிகளுக்குக் கேள்விகளால் நஷ்டமொன்றுமில்லை. பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் இச்சட்டத்தை விரைவில் திருத்துவார்களாக.