இரவல் குரலும் இரசிகர் உள்ளமும்

மேடையிலே பலமுறை கண்டு களித்த இசை நாடகம் ஒன்று திரைப்படமாக வருகிறதென்றால், அதனைக் காணக் கொட்டகைக்குச் செல்லும் மக்கள் தம் செவியிலே ஏற்கெனவே ஒரு குரலைச் சுமந்துகொண்டு செல்கின்றனர். அந்தக் குரலே திரையிலும் ஒலிக்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். ஒலிக்காவிடில், படம் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் நெஞ்சில் ஒரு நெருடல் தங்கிவிடுகிறது. வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் விடிய விடியக் கேட்டு மகிழ்ந்த முன்னோர் நம் குடும்பங்களிலும் இருந்தனர். அவர்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்திராது.

இவ்வுண்மைக்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு, 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'மை ஃபேர் லேடி' என்னும் திரைப்படம். அதனை மக்கள் எவ்வாறு வரவேற்றனர், எதற்காகக் குறைபட்டுக்கொண்டனர் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம். பேச்சையும் குரலையும் பற்றிய கதை அது. பிறமொழி பேசுவோரிடையே வாழும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியும் உண்டு.

பூக்காரியின் கதை

நாடகப் பேராசிரியர் பெர்னார்ட் ஷா இயற்றிய 'பிக்மேலியன்' என்னும் நாடகம் 1913-இல் வியன்னா நகரில் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. 1914-இல் லண்டன் மேடைக்கு வந்தது. லண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா என்ற ஏழைப் பெண்ணின் கொச்சைப் பேச்சைக் கேட்கிறார், ஒலியியல் வல்லுநரான ஹிக்கின்ஸ். ஆறே திங்களில் அவளைச் சீமாட்டி போலப் பேசவைத்துக் காட்டுவதாக நண்பரிடம் பந்தயம் கட்டுகிறார், வெல்லவும் செய்கிறார். ஆனால், பேச்சு மாறியபின் அப்பெண் பழைய தெருவுக்கும் உரியவளல்லள். புதிய மாளிகைக்கும் உரியவளல்லள். இனி எங்கே போவது என்று அவள் கேட்கும் கேள்விக்கு அந்த அறிஞரிடம் விடையில்லை.

தம் நாடகங்களை இசை நாடகமாக்குவதை ஷா விரும்பியதில்லை. அவர் 1950-இல் மறைந்த பின்னரே, ஆலன் ஜே லெர்னர் பாட்டெழுத, ஃபிரெடரிக் லோ இசையமைக்க, 'மை ஃபேர் லேடி' உருப்பெற்றது. 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் தொடங்கிய அந்த நாடகம் 1962 வரை 2,717 முறை நடைபெற்றது. அந்நகரின் இசை நாடகங்களுள் வேறெதுவும் அதற்குமுன் அத்துணை நாள் ஓடியதில்லை. ஹிக்கின்ஸாக நடித்தவர் ரெக்ஸ் ஹாரிசன். எலைசாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது இருபதுதான். நியூயார்க் நகரையே காணாத மக்களும் இசைத்தட்டின் வாயிலாக அவருடைய குரலை அறிந்திருந்தனர். அத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்று, வீட்டுக்கு வீடு சுழன்றன. எலைசா என்றாலே ஜூலியின் குரல் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

திரையில் வந்த மாற்றம்

வார்னர் நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் 55 இலட்சம் டாலர் கொடுத்து நாடகத்தின் திரைப்பட உரிமையை வாங்கினார். படத்துக்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டாலர். இத்தனை பெரும்பொருளை இறக்கியவர், அதுவரை திரையில் தோன்றியிராத ஜூலியை நம்பத் துணியவில்லை. உலகறிந்த நட்சத்திரமான ஆட்ரி ஹெப்பர்ன் அம்மையாரை எலைசாவாக அமர்த்தினார். ஹாரிசனோ மேடையில் ஏற்ற வேடத்தையே திரையிலும் ஏற்றார்.

வணிகர் நோக்கில் வார்னரின் முடிவில் பிழை காண்பது அரிது. ஆனால் இரசிகர் கணக்கு வேறு. ஆறாண்டு மேடையில் வளர்ந்த வேடத்தை, அதனை வளர்த்தவரிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டனர் என்னும் எண்ணம், படம் வெளிவருமுன்னரே பரவிவிட்டது. ஆட்ரி அம்மையார் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. எனினும் அந்த மனத்தாங்கலின் சுமையை அவரே தாங்க வேண்டியதாயிற்று.

அதனினும் பெரிய சிக்கல் பாடலில் எழுந்தது. ஆட்ரி அம்மையார் பாட்டுப் பயிற்சி பெற்று, தம் சொந்தக் குரலில் பாடல்களைப் பதிவும் செய்தார். ஆனால் உச்ச சுருதிகளுக்கு அக்குரல் போதாதென்று கருதிய படத்தயாரிப்பாளர், ஆங்காங்குச் சில அடிகளை மட்டும் விடுத்து, மற்றவற்றையெல்லாம் மார்னி நிக்சன் என்னும் பாடகியைக் கொண்டு பாடுவித்தனர். இதனைக் கேள்வியுற்ற ஆட்ரி அம்மையார் மனமுடைந்து படப்பிடிப்பை விட்டு வெளியேறினார் என்றும், மறுநாள் திரும்பிவந்து அனைவரிடமும் வருத்தம் தெரிவித்தார் என்றும் கூறுவர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் காண்க. ஹாரிசனுக்கும் பாட வாராது. பாட்டைப் பேச்சுப் போலவே தாளத்தோடு சொல்லிச் செல்வது அவர் பாணி. ஒருமுறை சொன்னதுபோல் மறுமுறை சொல்ல இயலாது என்று கூறி, முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க அவர் மறுத்துவிட்டார். ஆகவே அவருடைய கழுத்துப் பட்டியில் சிறிய கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்றை மறைத்துவைத்து, நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்தனர். பாட வராத ஆடவருக்கு இத்தனை ஏற்பாடு; பாட முயன்ற பெண்ணுக்கோ இரவல் குரல்!

பாராட்டும் முணுமுணுப்பும்

1964 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். செசில் பீட்டன் வரைந்தளித்த உடைகளும், குதிரைப் பந்தயக் காட்சியில் அனைவரும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக அணிவகுத்து நின்ற அழகும் எங்கும் பேசப்பட்டன. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் விமரிசகர் பாஸ்லி கிரௌதர் ஆட்ரி அம்மையாரின் நடிப்பைப் பெரிதும் புகழ்ந்தார். வசூலிலும் அவ்வாண்டின் முன்னணிப் படங்களுள் ஒன்றாக அது நின்றது.

எனினும் முணுமுணுப்பு அடங்கவில்லை. மார்னி நிக்சனின் பெயர் படத்தின் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. ஆனால் செய்தி வெளியே கசிந்து, ஊரெல்லாம் அறிந்துவிட்டது. பேசும்போது ஒரு குரல், பாடும்போது ஒரு குரல் என்று மக்கள் உற்றுக் கேட்கத் தொடங்கினர். அதே 1964-இல், ஆகஸ்டு மாதத்தில், வால்ட் டிஸ்னியின் 'மேரி பாப்பின்ஸ்' வெளியாகியிருந்தது. அதில் கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸ், பாடியதும் அவரே. விலக்கப்பட்டவரையும் அவரிடத்தில் அமர்ந்தவரையும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்துக் கண்டு ஒப்பிடும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டிவிட்டது.

1965 ஏப்ரல் 5 அன்று ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெற்றது. 'மை ஃபேர் லேடி' 12 பரிசுகளுக்கு முன்மொழியப்பட்டு 8 பரிசுகளை வென்றது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஜார்ஜ் கியூகர், சிறந்த நடிகர் ஹாரிசன் எனப் பட்டியல் நீண்டது. ஆனால் சிறந்த நடிகைக்கான போட்டியில் ஆட்ரி அம்மையாரின் பெயரே இடம்பெறவில்லை. அப்பரிசைப் பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ். ஹாரிசனுக்குப் பரிசை வழங்கியவரோ ஆட்ரி அம்மையார்! மேடை எலைசா, திரை எலைசா இருவருக்கும் ஹாரிசன் அங்கே அன்பு தெரிவித்தார். மனக்கசப்பை வெளிக்காட்டாமல் விழாவில் கலந்துகொண்ட ஆட்ரி அம்மையாரின் பண்பைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

நம் நாட்டு வழக்கம்

இச்செய்தியைக் கேட்கும் நம்மவர், 'இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? ஒருவர் நடிக்க, மற்றொருவர் பாடுவது நாம் அன்றாடம் காண்பதுதானே?' என்று வினவக்கூடும். நல்ல வினாதான். நம் நாட்டிலும் அவ்வழக்கம் ஒரே நாளில் நிலைபெற்றதன்று.

தமிழின் முதற்காலப் பேசும்படங்கள் பெரும்பாலும் மேடையிலிருந்து வந்தவை. மேடையில் நடித்தவர் பாடவும் வல்லவராதலின் திரையிலும் அவரே பாடினார். 1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தின் வாயிலாக இரவல் குரல் தமிழுக்கு வந்தது. 1945-இல், சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தால் தமிழ்நாடெங்கும் பழகிய வள்ளியின் கதையை ஏ.வி. மெய்யப்பன் 'ஸ்ரீ வள்ளி' என்று படமாக்கினார். முருகனாக நடித்த டி.ஆர். மகாலிங்கத்தின் கணீரென்ற குரலுக்கு வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் குரல் ஈடாகவில்லை. எனவே அவருடைய பாடல்களை நீக்கிவிட்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து, வாயசைப்புக்கு ஏற்பப் பொருத்தினர். படம் பெருவெற்றி கண்டது. எலைசாவுக்கு நேர்ந்ததே பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் வள்ளிக்கும் நேர்ந்தது எனலாம்.

பின்னர் நம் இரசிகர்கள் இரவல் குரலை மனமுவந்து ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் யாது? பாடுவோரின் பெயர் வெளிப்பட்டதே முதன்மையான காரணம் என்பது நம் கருத்து. அதுவும் எளிதில் கிட்டவில்லை. 1949-இல் 'மகல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, அதனைப் பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதைப்பெண்ணின் பெயரான 'காமினி' என்பதே அச்சாகியிருந்தது. பாடகர்களின் பெயருக்காக லதா தொடர்ந்து வாதாடினார். ஃபிலிம்ஃபேர் பரிசுகளில் பின்னணிப் பாடலுக்கென்று 1959-இல் தனிப்பரிசு ஏற்பட்டதும், முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் நம் பி. சுசீலா, 1968-இல் வெளியான 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக அது வழங்கப்பட்டது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவருடைய தமிழ் உச்சரிப்பைத் தமிழரே வியந்து போற்றினர்.

'மை ஃபேர் லேடி' கதையையே தழுவி 1980-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய 'மன் பசந்த்' என்னும் இந்திப் படம் வந்தது. டீனா முனீம் நடிக்க, லதா மங்கேஷ்கர் குரல் கொடுத்தார். கதாநாயகியின் சொந்தக் குரல் எங்கே என்று அதன் பொருட்டு எவரும் பூசலிடவில்லை. குரலுக்கு உரியவர் இன்னார் என்பதை எல்லோரும் அறிந்திருந்ததே காரணம்.

மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு

மார்னி நிக்சனின் நிலை அதற்கு நேர்மாறாக இருந்தது. 1956-இல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்காகவும், 1961-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் நடாலி வுட்டுக்காகவும் அவர் பாடினார். முதற்படத்தின்போது, செய்தியை வெளியிட்டால் இனி வேலையே கிடைக்காது என்று அவரை அச்சுறுத்தினர். இரண்டாவது படத்தின் இசைத்தட்டு வருவாயில் பங்கு கேட்டபோது, இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தம் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 2006-இல் மார்னி தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்; 2016-இல் காலமானார். அப்போது உலகப் பத்திரிகைகள் அவர் பெயரைத் தலைப்பிலிட்டு எழுதின.

ஆட்ரி அம்மையாருக்கும் காலம் ஓரளவு நியாயம் வழங்கியது. அவர் சொந்தக் குரலில் பாடிய பதிவுகள் சில பாதுகாக்கப்பட்டிருந்தன. படத்தைப் பழுதுநீக்கி மீட்டபின், இரண்டு பாடல்கள் அக்குரலோடு இரசிகர் செவிக்கு எட்டின. கேட்டவர்கள் பலர், தெருப் பூக்காரி பாடும் முற்பகுதிப் பாட்டுக்கு இந்தப் பழுத்துத் தேறாத குரலே பொருத்தம் என்று கூறினர். இனிமையில் மார்னியின் குரல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், பேசத் தடுமாறும் ஏழைப்பெண்ணின் தொண்டையிலிருந்து அத்துணைத் தேர்ந்த இசை எழுவதைக் காட்டிலும், சற்றே கரகரப்பான குரல் எழுவது கதைக்கு இயல்பன்றோ?

நாம் கொள்ள வேண்டியது

இரவல் குரல் குற்றமன்று. கொடுத்தவர் பெயரை மறைப்பது குற்றம். தம் குரலில் பாட விழைந்தவரை வாயசைக்க மட்டும் பணிப்பதும் வருந்தத்தக்கது. இசை நாடகத்தின் இரசிகர்கள் அன்று முணுமுணுத்ததன் பொருள் இதுவே என்று கொள்கிறோம்.

நம் தமிழ்ச் சங்க மேடைகளை எண்ணிப் பார்ப்போம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நம் குழந்தைகள் பதிவு செய்த பாட்டுக்கு அழகாக ஆடுகின்றனர், வாயசைக்கின்றனர். அது நன்றே. ஆயினும் பாடியவர் யார், இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்று நிகழ்ச்சிக்குமுன் ஒருமுறை அறிவித்தால், அப்பெயர்கள் அக்குழந்தைகளின் நினைவில் நிற்கும்.

மற்றொன்றும் உண்டு. இந்தியும் மராத்தியும் வங்கமும் சூழ வளரும் நம் பிள்ளைகளின் தமிழில் ழகரம் சறுக்கும், றகரம் மெலியும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உறவினர் சிரிப்பர். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே, 'உனக்குச் சரியாக வராது, வாயை மட்டும் அசை' என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்லாமல், ஒவ்வொரு விழாவிலும் இரண்டு மூன்று பாட்டுகளையேனும் குழந்தைகள் தம் சொந்தக் குரலிலேயே பாடச் செய்வோம். தவறிய எழுத்தைப் பிறகு அருகமர்த்தித் திருத்திக்கொள்ளலாம். பாடவே விடாமல் அடக்கிய வாய்க்குத் தமிழ் எங்ஙனம் வந்து சேரும்? வருகின்ற விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் வகுக்கும் அன்பர்களும் தாய்மார்களும் இதனை மனத்திற்கொள்வார்களாக.