குழந்தைகளுக்கு முளைத்தானியக் கஞ்சி

சின்னாளப்பட்டிச் சுற்றுப்புறக் குடியானவர்களுக்குக் கேழ்வரகும் பச்சைப்பயறும் நிலக்கடலையும் புதியனவல்ல. ஆயினும் விளைந்ததை விற்று, அப்பணத்தில் டப்பா மாவு வாங்கிக் குழந்தைக்கு ஊட்டும் வீடுகள் உண்டு.

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலே போதுமானது. பின்னர் அதனுடன் வேறு உணவும் அவசியமாகும். குழந்தையின் இரைப்பை சிறியது. சாதாரண மாவுக் கஞ்சி கெட்டிப்படும். நீர் விட்டு இளக்கினாலோ வயிறு நிறையுமேயன்றி உடல் தேறாது. தானியம் முளைக்குங்கால் உண்டாகும் நொதி மாச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குவதால், அதே கிண்ணத்தில் அதிக மாவைச் சேர்க்கலாம்.

செய்முறை: கேழ்வரகு 4 பங்கு, பச்சைப்பயறு 2 பங்கு எடுத்துத் தனித்தனியே கழுவி, ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைக்கவும். முளை கண்டதும் வெயிலில் உலர்த்தி, முளையைத் தேய்த்துப் புடைத்து, கருகாமல் வறுத்து, அரைத்துச் சலிக்கவும். இது குழந்தைக்கு ஒத்துக்கொண்டபின், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 1 பங்கும் சேர்த்து அரைக்கலாம். பூஞ்சணம் கண்ட கடலையைச் சேர்க்கலாகாது. அதன் நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்காது. கஞ்சியை நன்கு கொதிக்கவைத்து, ஆறியவுடன் ஊட்டவேண்டும். மீதியை வைத்திருத்தல் கூடாது.

1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், திண்டுக்கல்லும் அடங்கியிருந்த அன்றைய மதுரை ஜில்லாவில் தொடங்கிற்று. மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவளித்தனர். அம்முறை இன்றும் கைக்கொள்ளத்தக்கது. கிராம அலுவலர்கள் குழந்தைகளை அங்கன்வாடியில் தவறாது நிறுக்கச் செய்வார்களாக. நிலமுடையோர் விதைக்கு ஒதுக்குவதுபோலவே, வீட்டுக் குழந்தைக்கும் சில படி தானியத்தை விற்காது ஒதுக்குவார்களாக.