எந்தக் கார் அதிகம் திருடுபோகும்? ஏன்?

விலை அதிகமான கார்தான் திருடுபோகும்னு நினைக்கிறீங்களா? எப்போதும் அப்படி இல்லை.

அமெரிக்காவில் சில ஆண்டுகளாகத் திருடர்கள் அதிகம் குறிவைத்தவற்றில், சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் கியா, ஹியுண்டே கார்களும் உண்டு.

ஏன் அவை?

அந்த நிறுவனங்கள் 2011 முதல் 2021 வரை அங்கு விற்ற பல கார்களில் 'இம்மொபிலைசர்' இல்லை.

அப்படின்னா என்ன?

சாவிக்குள் சிறிய சில்லு ஒன்று இருக்கும். அதிலுள்ள ரகசியக் குறியீட்டைக் கார் அடையாளம் கண்டால்தான் இயந்திரம் இயங்கும்.

அது இல்லாத கார்களைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று காட்டும் டிக்டாக் காணொளிகள் பரவின. மில்வாக்கி நகரில் தொடங்கிய பழக்கம் மற்ற நகரங்களுக்கும் தொற்றியது. பிடிபட்டவர்களில் பலர் பதின்ம வயதினர். பலருக்கு அது ஒரு 'த்ரில்'.

விளையாட்டு வினையானது. குறைந்தது 14 விபத்துகள், 8 மரணங்கள் என 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கூறியது. சில நகரங்களில் அந்தக் கார்களுக்குப் புதிதாகக் காப்புறுதி வழங்கச் சில நிறுவனங்கள் மறுத்தன. பாதிக்கப்பட்டது யார்? கார் வச்சிருந்தவங்கதான்!

பக்கத்து நாடான கனடாவில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே 2007 முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம்.

பிறகு அமெரிக்காவில் சுமார் 8.3 மில்லியன் கார்களுக்கு இலவச மென்பொருள் மேம்பாடு அறிவிக்கப்பட்டது. ஸ்டியரிங் பூட்டுகளும் கொடுக்கப்பட்டன.

பழைய கார் வாங்கப் போறீங்களா? நிறம், விலை பார்ப்பதற்கு முன்னால், இம்மொபிலைசர் இருக்கான்னு கேளுங்க.