ஸ்கேனர் மாறினால் அமைப்பும் மாறலாமா?

எங்கள் பள்ளியில் பழைய சேர்க்கை விண்ணப்பங்களை ஆண்டுவாரியாகக் கட்டி, ஸ்கேன் செய்து கணினியில் சேமித்து வருகிறோம். பாதி வேலை முடிந்த நிலையில் பழைய ஸ்கேனர் பழுதானது. புதியது வந்தது. இணைத்தோம், பொத்தானை அழுத்தினோம், மீதிக் கட்டுகளை ஒரே வாரத்தில் முடித்தோம். முன்பைவிட இரு மடங்கு வேகம் என்று மகிழ்ந்தோம்.

சில மாதங்கள் கழித்து முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். வேலையில் சேர்வதற்காக அவரது பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்தோம். விண்ணப்பத்தில் தேதி ஓரிடத்தில் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அருகில் அன்றைய தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. யாரோ கைவைத்த ஆவணம்போலத் தோன்றியது. கிடங்கிலிருந்து மூலத்தாளை எடுத்துப் பார்த்தபோது, வெளிறிய ஊதா மையில் சுருக்கொப்பம் அப்படியே இருந்தது. ஸ்கேனர் பழுதில்லை. பழைய கருவியில் என்னென்ன அமைப்புகள் வைத்திருந்தோம் என்று பார்க்காமல், புதிய கருவி வந்தபடியே பயன்படுத்தியது நம் தவறு. மற்ற பள்ளிகளில் இது நேராதிருக்க, நாங்கள் கற்றுக்கொண்டதைப் பகிர்கிறேன்.

பழைய கோப்பே சாட்சி

பழைய கருவி இயங்காவிட்டாலும் அதன் அமைப்பைக் கண்டறியலாம். அதில் எடுத்த ஒரு ஜேபெக் கோப்பின் மீது வலது சொடுக்கு செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டீட்டெயில்ஸ்’ பகுதியைத் திறங்கள். படத்தின் அகலம், உயரம், பிட் அளவு ஆகியவை அங்கே இருக்கும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அகலத்திலிருந்து பிரிதிறனைக் கணக்கிடலாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே தாளின் அகலம் ஏறத்தாழ 8.27 அங்குலம். முழுத்தாளின் படம் 2480 புள்ளி அகலம் என்றால், 2480ஐ 8.27ஆல் வகுக்க 300 டிபிஐ வரும். 1654 புள்ளி என்றால் 200 டிபிஐ. வித்தியாசம் சிறிது என்று எண்ண வேண்டாம். 300 டிபிஐயில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 200 டிபிஐயில் சுமார் 39 லட்சம்தான். நீளத்திலும் அகலத்திலும் குறைவதால் மொத்தம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இதை வகுப்பில் விகிதப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகவும் தரலாம்.

கறுப்பு வெள்ளையா, சாம்பலா, வண்ணமா?

எங்களை ஏமாற்றியது இந்த அமைப்புதான். கறுப்பு வெள்ளை முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 1 பிட். ஒரு எல்லையைவிட இருண்டது கறுப்பு, வெளிறியது வெள்ளை, இடைநிலை கிடையாது. அச்செழுத்துக்கு இது போதும். மங்கிய மை, பென்சில் குறிப்பு, ஊதா முத்திரை ஆகியவை வெள்ளைப் பக்கம் தள்ளப்பட்டு மறைந்துவிடும். சாம்பல் முறையில் 8 பிட், அதாவது 256 நிலைகள். வண்ணத்தில் 24 பிட்.

சுருக்காத நிலையில் கோப்பின் அளவும் 1 : 8 : 24 என்ற விகிதத்தில் கூடும். இடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆவணத்துக்குக் குறைந்தது சாம்பல் முறை தேவை. திருத்தம் எந்த நிற மையில் செய்யப்பட்டது என்பது முக்கியமானால் வண்ணமே சரி.

தாளின் அளவு

சில கருவிகளும் மென்பொருள்களும் ‘லெட்டர்’ அளவை இயல்பாக வைத்திருக்கும். அதன் உயரம் 279 மி.மீ.; ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. கிட்டத்தட்ட 18 மி.மீ. வெட்டுப்படும். பெற்றோர் கையொப்பமும் அலுவலக முத்திரையும் பெரும்பாலும் தாளின் அடியில்தான் இருக்கின்றன.

தானே செய்யும் உதவிகள்

புதிய ஸ்கேனர்களில் வெற்றுப்பக்க நீக்கம், விளிம்பு வெட்டுதல், பின்னணியை வெளுத்தல், நிறத்தைத் தானே கண்டறிதல் போன்ற வசதிகள் உண்டு. தாளின் பின்புறம் மெல்லிய பென்சிலில் எழுதிய குறிப்பை வெற்றுப்பக்கம் என்று கருவி நீக்கிவிடக்கூடும். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்து இயக்குங்கள்.

சுருக்கத்தின் தரம்

ஜேபெக் தரத்துக்கான எண் எல்லா நிறுவனங்களிலும் ஒரே பொருள் தருவதில்லை. பழையதில் 80 இருந்தது என்பதற்காகப் புதியதிலும் 80 வைத்தால் அதே படம் கிடைக்காது. ஒரே தாளை எடுத்து, கோப்பின் அளவையும் பெரிதாக்கிய எழுத்தின் விளிம்பையும் பழைய படத்துடன் ஒப்பிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

இணையதளங்கள் சிறிய கோப்பு கேட்கின்றன என்பதற்காக ஸ்கேனர் அமைப்பையே குறைக்க வேண்டாம். முழுத் தரத்தில் ஒரு மூலக்கோப்பை வைத்துக்கொண்டு, பதிவேற்றத்துக்குச் சிறிய நகல் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். குறைத்த படத்தை மீண்டும் பெரிதாக்கினாலும் போன விவரம் திரும்பாது.

சோதனைத் தாள்

கட்டு முழுவதையும் தொடங்குமுன், இருப்பதிலேயே மோசமான ஒரு தாளைத் தேர்ந்தெடுங்கள்: மங்கிய மை, ஊதா முத்திரை, பென்சில் குறிப்பு, பழுப்பேறிய காகிதம். பழைய கருவியில் ஏற்கெனவே எடுத்த தாளாக இருப்பது நல்லது. அதைப் புதிய கருவியில் எடுத்து, இரு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அகலம், உயரம், பிட் அளவு பொருந்துகின்றனவா? அடி விளிம்பு முழுமையாக உள்ளதா? முத்திரையின் எழுத்து படிக்க முடிகிறதா? எல்லாம் சரியானால் அந்த அமைப்பை மென்பொருளில் ஒரு பெயரிட்டுச் சேமியுங்கள். ஓர் அட்டையில் எழுதி ஸ்கேனரிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து பொறுப்பேற்பவருக்கும் அது உதவும்.

நாங்கள் அந்த ஒரு வார வேலை முழுவதையும் மறுபடி செய்தோம். மூலத்தாள்கள் கிடங்கில் இருந்ததால் அது முடிந்தது. ஸ்கேன் ஆகிவிட்டது என்று சொல்லி அந்தக் கட்டுகளைக் கழித்திருந்தால், அந்த மாணவருக்கு நாங்கள் காட்டுவதற்கு ஒரு வெள்ளை இடம்தான் மிஞ்சியிருக்கும்.