இரும்பு கற்கும் திசை

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் பல குடும்பங்களின் முதுசொம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி நோயாளரைச் சுமந்தவை அவை. அவற்றைப் பேணுவோருட் பலர் மின்பிறப்பாக்கியாகிய டைனமோ பழுதுறின் கையிற் கிடைத்ததைப் பூட்டுகின்றனர். பின்னர் வண்டியைப் பழிக்கின்றனர்.

முதற்கண் தெரிவினை நோக்குவாம். 12 உவோற்று வண்டியில் 45 உவாற்று முன்விளக்குகள் இரண்டும் 7.5 அம்பியர் கொள்ளும். சிறு விளக்குகளும் எரிபற்றற் சுருளும் ஏறத்தாழ 5 அம்பியர் வேண்டும். ஆகவே 19 அம்பியர் தரும் லூக்காஸ் சி39 வகை போதுமானது. 22 அம்பியர் தரும் சி40 மழையிரவில் மேலும் உதவும். ஆயின் அளவு மட்டும் அமையாது. சுழலுந் திசை, கப்பியின் பருமன், உடலின் விட்டம், சீராக்கியின் தரம் ஆகிய நான்கும் ஒத்தல் வேண்டும்.

அடுத்தது முனைவு. மின்சாரமற்ற அந்நாட்களில் நமக்கு வானொலி கேட்பித்த துவிச்சக்கர வண்டி டைனமோவினுள் இருப்பது நிலைக்காந்தம். மோட்டார் வண்டி டைனமோவிலோ இரும்பு முனைகளில் எஞ்சிய சிறு காந்தமே உண்டு. அவ்வெச்சத்திலிருந்தே அது மின்னை வளர்க்கின்றது. எச்சத்தின் திசையே மின்னின் திசையுமாகும். 1950களின் பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலும் மின்கலவடுக்கின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்தது. எதிர்முனை இணைந்த வண்டியிலிருந்து கழற்றிய டைனமோவை அங்கே அவ்வாறே பூட்டின், சீராக்கியிலுள்ள துண்டிப்பானின் தொடுகைகள் கருகி ஒட்டிவிடும்.

ஆதலின், இயந்திரத்தை இயக்குமுன் டைனமோவின் எஃப் முனைக் கம்பியைக் கழற்றுக. மின்கலவடுக்கில் உடலோடு இணையாத முனையிலிருந்து வரும் கம்பியொன்றை அம்முனையிற் கணப்பொழுது இருமுறை தொட்டெடுக்க. இரும்பு புதிய திசையைக் கற்றுக்கொள்ளும். பின்னர்க் கழற்றிய கம்பியை மீளப் பூட்டுக. வாரின் நீண்ட பகுதியின் நடுவை விரலால் அழுத்தின் அரை அங்குலம் தாழ்தல் நன்று. மிக இறுகின் தாங்கி தேயும். தளரின் வார் வழுக்கும்.

ஆடலோட்ட மின்பிறப்பாக்கியைப் பூட்டலே எளிது என்பாரும் உளர். குறைந்த வேகத்திலும் அது மின் தருதல் உண்மையே. ஆயின் எதிர்முனை உடலுக்கென அமைந்த அதனை நேர்முனை உடலிற் பூட்டின் அதன் இருவாயிகள் கணத்திற் கருகும். வண்டியின் முனைவையே மாற்ற நேரும்.

டைனமோவைத் திருத்தும் நுட்பம் இன்று முதிய கைவினைஞர் சிலரின் கைகளிலேயே தங்கியுள்ளது. மாணவர் அவர்பாற் சென்று, அவர் வழங்கும் சொற்களோடு அதனை எழுதிவைத்தல் வேண்டும். வண்டியைக் காத்து அறிவை இழப்போமாயின், நாளை அவ்வண்டியும் ஓடாது.